பாப் மார்ட்டிமரின் ‘தி சட்சுமா காம்ப்ளெக்ஸ்’: சிரிப்பு வந்த இடத்தில் பயம் குறைந்ததா?

வைகைக்கரை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாப் மார்ட்டிமர் எழுதிய ‘தி சட்சுமா காம்ப்ளெக்ஸ்’ நாவலை, இரவு வேலைகள் முடிந்த பிறகு நாளுக்குப் பத்துப் பதினைந்து பக்கமாகப் படித்து நேற்று முடித்தேன். மார்ட்டிமர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர். விக் ரீவ்ஸுடன் சேர்ந்து 1990 முதல் தொலைக்காட்சியில் மக்களைச் சிரிக்க வைத்தவர். 2022 அக்டோபரில் இந்த முதல் நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது 63. நகைச்சுவைக் கலைஞர் குற்றக்கதை எழுதினால் பக்கத்துக்கு நான்கு துணுக்குகள் இருக்கும், கதை பெயருக்கு இருக்கும் என்ற நினைப்போடுதான் கையில் எடுத்தேன். ஆனால் முடித்த பிறகும் என்னை விடாமல் இருப்பது அதன் நாயகனுடைய தனிமை. அதைப் பற்றி உங்களோடு பேச வேண்டும் என்றே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையின் தொடக்கத்தை மட்டும் சொல்கிறேன். கேரி தார்ன் முப்பது வயது இளைஞன். லண்டனில் ஒரு சட்ட நிறுவனத்தில் உதவியாளனாக இருக்கிறான். வேலை வழியாகப் பழக்கமான பிரெண்டன் என்பவனோடு ஒரு மாலை மதுக்கடைக்குப் போகிறான். பிரெண்டன் சீக்கிரம் கிளம்பிவிட, அங்கே புத்தகம் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணோடு கேரிக்குப் பேச்சு ஏற்படுகிறது. பெயர்கூடச் சொல்லாமல் அவள் போய்விடுகிறாள். அவள் படித்த புத்தகத்தின் பெயர் மட்டுமே அவன் கையில் மிஞ்சுகிறது. அந்தப் பெயரையே அவளுக்கும் வைத்து, ‘சட்சுமா’ என்று மனத்துக்குள் அழைக்கிறான். பிறகு பிரெண்டன் காணாமல் போகிறான். இதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை. பின்னூட்டம் எழுதுவோரும் முடிவைக் காப்பாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நான் மதுரையில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகக் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். காலையில் போனதும் அன்றைய வழக்குக் கட்டுகளைப் பிரித்து எடுத்து வைப்பது, வாய்தாத் தேதிகளை டைரியில் ஏற்றுவது, வக்காலத்தில் கையெழுத்து வாங்குவது, கோர்ட் கட்டண வில்லை ஒட்டுவது ஆகியவை என் வேலை. கட்சிக்காரர்கள் என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, என் தலைக்கு மேலாக வக்கீல் ஐயாவின் அறையைப் பார்த்தபடி, வீட்டில் வெளியே சொல்லக் கூடாத அத்தனையையும் பேசுவார்கள். நான் அங்கே இருப்பதாகவே அவர்களுக்குத் தோன்றாது. இதனால் எனக்கு மனவருத்தம் இல்லை. இத்தனை ஆண்டுகளில் பழகிவிட்டது. கேரி தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் பக்கத்தில், தன்னை யாரும் நின்று கவனிப்பது அபூர்வம் என்ற பொருளில் பேசும்போது நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். எவர் கண்ணிலும் படாத ஒருவன் காதில்தான் எல்லாம் விழுகிறது. அவன் கையில்தான் பொருள்கள் வந்து சேர்கின்றன. குற்றவாளிக்கும் அவன் வசதியானவன், கதாசிரியருக்கும் வசதியானவன். இந்நாவலின் குற்றமும் சிரிப்பும் இந்த ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன என்பது என் எண்ணம்.

ஆனால் ஒரு சந்தேகமும் இருக்கிறது. கேரி ஓர் அணிலோடு பேசுகிறான். அணிலின் பதில்களும் அவன் மனத்திலிருந்தே வருகின்றன. நாவலின் நடுப்பகுதியில், உண்மையிலேயே அவனுக்கு ஆபத்து நெருங்கும் நேரத்திலும், அந்த அணிலை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதனால் அவனுக்காகப் பயப்பட என்னால் முடியவில்லை. சிரிப்பு குற்றக்கதையின் பயத்தைத் தின்றுவிடுகிறதா? படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பேட்டை ஆசிரியர் எழுதியது:

அம்மா, உங்கள் பதிவின் மூன்றாம் பத்தி நெஞ்சைத் தொட்டது. ஆயினும் உங்கள் கேள்விக்கு என் பதில், ஆம், தின்றுவிடுகிறது என்பதே. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். துப்பறியும் கதைகளை அதற்கும் முன்பிருந்தே படித்து வருகிறேன்.

குற்றக்கதை வாசகனை முன்னால் இழுக்கும். அடுத்து என்ன என்ற ஒரே கேள்வி அவன் கையைப் பிடித்துப் பக்கத்தைப் புரட்ட வைக்கும். நகைச்சுவை அவனை நிற்கச் சொல்லும். இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படி என்று சொல்லும். ஒரே வண்டியில் முன்னும் பின்னுமாகப் பூட்டிய இரண்டு மாடுகள் இவை. கேரி ஒரு தெருவைக் கடப்பதற்குள் அவன் கண்ணில் படுபவை பற்றிய வருணனைகளும் ஒப்புமைகளும் வந்து நின்றுவிடுகின்றன. தனித்தனியே அவை இனியவை. ஆனால் காணாமல் போன பிரெண்டனைப் பற்றி நான் இரண்டு முறை மறந்தே போனேன். மையக் குற்றத்தை வாசகன் மறக்கும்படி எழுதுவது குற்றக்கதையில் குறைதான்.

இதே இனத்தில் எனக்குப் பிடித்தது, ஹியூ லாரி 1996இல் எழுதிய ‘தி கன் செல்லர்’. அவரும் நகைச்சுவை நடிகர்தாம். தன் பெயருக்காகப் பதிப்பிக்கக் கூடாது என்று முதலில் புனைபெயரில் பிரதியை அனுப்பியவர். அதன் நாயகன் தாமஸ் லாங் முன்னாள் இராணுவ அதிகாரி. ஒருவரைக் கொல்லக் கூலி பேச வருகிறார்கள், அவனோ குறிவைக்கப்பட்டவரை எச்சரிக்கப் போகிறான். அங்கே சிரிப்பு அவன் நாக்கில் இருக்கிறது. அடிபடும்போதும் நையாண்டியாகப் பேசுவது அவனுக்குக் கேடயம். அதனால் கதை நிற்பதில்லை. மார்ட்டிமரிடம் சிரிப்பு வழியெங்கும் சிதறிக் கிடக்கிறது.

தெற்கு லண்டன் வாசகன் எழுதியது:

வணக்கம் அக்கா, வணக்கம் ஆசிரியர் ஐயா. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபத்தாறு வருடங்களாகத் தெற்கு லண்டனில் வசிக்கிறேன். தொடக்கத்தில் ஒன்பது வருடங்கள் பெக்கம் பகுதியில் நகராட்சிக் குடியிருப்பு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். இந்த நாவல் நடப்பது அந்தத் தெருக்களில்தான் என்பதால், கதைக்குப் பின்னால் இருக்கும் ஒரு செய்தியை நான் சொல்லியாக வேண்டும்.

மார்ட்டிமர் மேடைக்கு வருமுன் சட்டத்தரணியாக இருந்தவர். வட இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோ அவருடைய ஊர். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து, தெற்கு லண்டனில் சதக் நகராட்சியிலும் பிறகு பெக்கத்தில் ஒரு தனியார் சட்ட நிறுவனத்திலும் வேலை செய்தார். கரப்பான் பூச்சிகள் நிறைந்த நகராட்சி வீடுகளில் குடியிருந்த ஏழைகளுக்காகப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் வழக்குகள் நடத்தி இழப்பீடு வாங்கிக் கொடுத்ததால், உள்ளூர்ப் பத்திரிகை அவரைக் ‘கரப்பான் பூச்சி மன்னர்’ என்று அழைத்தது. அந்தக் காலத்தில்தான், 1986 அளவில், நியூ கிராஸ் பகுதியில் ஒரு மதுக்கடையின் மேடையில் விக் ரீவ்ஸ் நடத்திய நிகழ்ச்சியைப் பார்க்கப் போய், மெல்ல மெல்ல அதில் தானும் சேர்ந்தார். தொலைக்காட்சி வாய்ப்பு வந்தபோது வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போனவர், திரும்பி வரவில்லை.

இதை அறிந்து படித்தால் கேரி வேறு ஆளாகத் தெரிகிறான். பெக்கத்தில் சட்ட நிறுவன மேசை ஒன்றில் உட்கார்ந்திருக்கும், கூச்சம் மிகுந்த ஓர் இளைஞன். மார்ட்டிமர் அந்த விடுப்பை எடுக்காமலே இருந்திருந்தால் யாராக இருந்திருப்பாரோ, அவன்தான் கேரி. தான் சிறு வயதிலும் பல்கலைக்கழகத்திலும் எவ்வளவு கூச்சத்தோடும் மனச்சோர்வோடும் இருந்தார் என்பதைத் தன் வரலாற்று நூலில் அவரே எழுதியிருக்கிறார். ஏழு வயதில் தந்தையை வீதி விபத்தில் இழந்தவர் அவர். அக்கா சொன்ன தனிமை வெறும் கற்பனைச் சரக்கல்ல என்று நான் நம்புவது இதனால்தான்.

இன்னொன்று. எங்கள் குடியிருப்பில் படுக்கையறைச் சன்னல் சட்டத்தின் மூலையில் ஒவ்வொரு மாரிக்கும் கறுப்புப் பூஞ்சணம் படரும். துணியால் துடைத்தால் போய்விடும். பத்து நாளில் அதே மூலையில், அதே வடிவத்தில் திரும்ப வரும். நிர்வாகத்துக்கு எழுதினால் பதில் வராது. வந்தாலும் சன்னலைத் திறந்து வையுங்கள் என்று வரும். அந்தச் சன்னலுக்கு வெளியே நடைபாதை. நடைபாதையில் பக்கத்து வீட்டுக் கிழவி நாயோடு நிற்பார். எங்கள் மகள் பிறந்தபோது முதலில் வந்து குழந்தையைப் பார்த்தவர் அவர்தான். நாவலில் கேரியின் பக்கத்து வீட்டுக் கிரேஸும் அவருடைய நாய் லாசூவும் வரும் பக்கங்களைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. தங்கள் நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாத இரண்டு பேர், ஒரு நாயைச் சாக்காக வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் முறை அது. அடுக்ககங்களில் வாழ்ந்த எவருக்கும் அது தெரியும்.

பேட்டை ஐயா, பிரெண்டனை நீங்கள் மறந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கேரியும் மறக்கிறான், ஐயா. அவனுக்கு பிரெண்டனைவிட அந்தப் பெண்தான் முக்கியம். ஒரு மனிதன் காணாமல் போனதைவிடத் தன்னோடு அரைமணி நேரம் பேசிய பெண்ணைப் பெரிதாக நினைக்கும் அளவுக்கு அவன் வாழ்க்கை வெறுமையாக இருக்கிறது. நீங்கள் குறையென்று சொன்னதை நான் அப்படிப் பார்க்கிறேன்.

ஹட்டன் வாசகி எழுதியது:

லண்டன் அண்ணாவின் பதிவைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. நான் மலையகத்துக்காரி. நாவலின் பின்னட்டையில், தெற்கு லண்டனின் ‘எஸ்டேட்’களிலும் பை கடைகளிலும் கதை நடக்கிறது என்று கண்டவுடன், எனக்கு மனத்தில் வந்தது தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வரிசையும்தான். லண்டனில் எங்கே தோட்டம் இருக்கும் என்று யோசித்தபடியே நாற்பது பக்கம் வரை போய்விட்டேன். அங்கே அந்தச் சொல்லுக்கு நகராட்சி கட்டி வாடகைக்கு விட்ட குடியிருப்புத் தொகுதி என்று பொருள் என்பதைப் பிறகுதான் பிடித்தேன்.

ஆனாலும் என் முதல் பிழை முழுப் பிழையல்ல என்று இப்போது தோன்றுகிறது. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம், அடுத்த வீட்டு வானொலி, அடுத்த வீட்டு இருமல், பழுது பார்க்க எழுதிக் கொடுத்தால் வராத பதில் என்று எங்கள் லயன் வாழ்க்கையின் பாதி அதில் இருக்கிறது. அந்தப் பை கடை என்பது என்னவென்று அண்ணா சொன்னால் நன்றாக இருக்கும்.

தெற்கு லண்டன் வாசகன் எழுதியது:

தங்கச்சி, கொத்திய மாட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை, பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, மேலே வோக்கோசு இலை போட்ட பச்சை நிறக் குழம்பு. அந்தக் குழம்பை இங்கே ‘லிக்கர்’ என்பார்கள். பெயரில்தான் மது, உள்ளே கிடையாது. அதன் மேல் மிளகாய் ஊறிய வினாகிரியை ஊற்றிக்கொள்வார்கள். விலாங்கு மீனும் அதே கடைகளில் கிடைக்கும். தெற்கு, கிழக்கு லண்டன் உழைப்பாளிகளின் பழைய சாப்பாடு. பளிங்கு மேசை, முதுகு நேராக உட்கார வைக்கும் மர வாங்கு, வெள்ளை ஓடு பதித்த சுவர் என்று அந்தக் கடைகள் நூறு வருடத்துக்கு முந்தைய அமைப்பிலேயே இருக்கும். ஆனால் இப்போது மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. தனியாகப் போய்ச் சாப்பிட்டாலும் யாரும் வித்தியாசமாகப் பார்க்காத இடம் அது. கேரிக்கு ஏற்ற இடம்.

சபா நாடகக்காரன் எழுதியது:

இந்த விவாதத்தில் மேடையின் பக்கமிருந்து ஒரு சொல் சேர்க்க விரும்புகிறேன். நான் இருபது ஆண்டுகளாக அமெச்சூர் நகைச்சுவை நாடகங்களில் நடிப்பவன்; சில எழுதியும் இருக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்ன இரண்டு மாடுகளை நான் ஏற்கவில்லை. என் அனுபவத்தில் துணுக்கும் துப்பும் ஒரே தொழில்.

ஒரு சிரிப்பு வசனம் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பார்வையாளரை ஒரு பக்கம் நம்ப வைத்து நடத்திக்கொண்டு போகிறோம். கடைசிச் சொல்லில் அவர் நின்றிருந்த தரை வேறு என்று காட்டுகிறோம். கொலைக்கதையும் கடைசி அத்தியாயத்தில் இதையேதான் செய்கிறது. மார்க் பில்லிங்ஹாம் என்ற ஆங்கில எழுத்தாளர் மேடை நகைச்சுவையாளராக இருந்து குற்றக்கதைக்கு வந்தவர். 2001இல் வெளிவந்த ‘ஸ்லீப்பிஹெட்’ முதலான அவர் நாவல்கள் சிரிப்பே இல்லாத இருண்ட கதைகள். ஆனாலும் மேடையில் கற்ற திசைதிருப்பும் வித்தையைத்தான் கதையிலும் பயன்படுத்துவதாக அவர் பேசியிருக்கிறார். எதை எப்போது மறைப்பது, எந்தச் சொல்லைக் கடைசியில் வைப்பது என்ற கணக்கு இரண்டுக்கும் பொது.

மார்ட்டிமருக்கு இன்னொரு பயிற்சியும் உண்டு. அதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பிபிசியில் ‘வுட் ஐ லை டு யூ’ என்ற நிகழ்ச்சி. ஒருவர் தன் வாழ்க்கையில் நடந்ததாக ஒன்றைச் சொல்வார். எதிரணி அவரைக் குடைந்து குடைந்து கேட்டு, அது மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். மார்ட்டிமர் இதில் பலமுறை கலந்துகொண்டிருக்கிறார். ஒருமுறை வெறுங்கையால் ஆப்பிளை இரண்டாகப் பிளக்கத் தன்னால் முடியும் என்றார். எதிரணி சிரித்தது. அரங்கிலேயே ஆப்பிளைக் கொண்டுவந்து கொடுக்க, பிளந்து காட்டினார். அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கையைவிட அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். மெய்யைச் சொல்லும்போதும் பொய்யைச் சொல்லும்போதும் அதே முகம், அதே நிதானம், அதே தேவையற்ற சின்னச் சின்ன விவரங்கள். அந்த நிகழ்ச்சியை ஒரு குறுக்கு விசாரணை என்றே சொல்லலாம். ஆண்டுக்கணக்கில் அந்தக் கூண்டில் நின்றவர் குற்றக்கதை எழுத வந்ததில் எனக்கு வியப்பில்லை.

நாவலில் கேரி சொல்லும் விவரங்களில் எது வெறும் வேடிக்கை, எது பின்னால் தேவைப்படும் தடயம் என்று படிக்கும்போது தெரியாது. நெல்லுக்குள் கல்லை ஒளிப்பது போல, சிரிப்புக்குள் துப்பை ஒளித்து வைக்கிறார். மக்காச்சோளக் கதிர் வடிவிலான கணினிச் சேமிப்புக் கருவி ஒன்று கதையில் வருகிறது. அதைக் கண்டதும் நான் சிரித்தேன்; சிரித்துவிட்டதால் அதன் கனத்தை எடைபோடத் தவறினேன். ஐயா பயன்படுத்திய சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்: நகைச்சுவை நம்மை நிற்கச் சொல்கிறது என்றார். நாம் தவறான இடத்தில் நிற்கும்போதுதான் சரியான பொருள் நம்மைக் கடந்து போகிறது.

இயன்றவர்கள் இதை ஒலிநூலாகவும் கேளுங்கள். கேரியின் பகுதிகளை மார்ட்டிமரே வாசிக்கிறார். அந்தப் பெண்ணின் பகுதிகளை சாலி பிலிப்ஸ் என்ற நடிகை வாசிக்கிறார். அச்சில் எனக்கு நீளமாகப் பட்ட சில வாக்கியங்கள், மார்ட்டிமர் எங்கே மூச்சு விடுகிறார் என்று கேட்டபோது சரியான நீளத்தில் இருந்தன.

கோவை வாசகர் எழுதியது:

நல்ல விவாதம். ரிச்சர்ட் ஓஸ்மானின் ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ நாவலை யாரும் குறிப்பிடவில்லையே? அவரும் நகைச்சுவைக் கலைஞர்தானே? முதியோர் குடியிருப்பில் நான்கு பேர் வியாழக்கிழமைதோறும் கூடித் தீராத பழைய வழக்குகளை ஆராயும் கதை. என் தந்தைக்கு வாங்கிக் கொடுத்தேன். 78 வயதில் இரண்டு நாளில் முடித்தார். மார்ட்டிமரைவிட அதில் கதைக்கட்டு இறுக்கமாக இருக்கிறது.

சபா நாடகக்காரன் எழுதியது:

சிறு திருத்தம். ஓஸ்மான் தொலைக்காட்சித் தயாரிப்பாளராகவும் ‘பாயிண்ட்லெஸ்’ என்ற வினாடி வினாவின் தொகுப்பாளராகவும் அறியப்பட்டவர். மேடையேறிச் சிரிக்க வைப்பது அவர் தொழிலாக இருந்ததில்லை. 2020இல் வந்த அந்த நாவலை நானும் விரும்பிப் படித்தேன். அந்தக் கட்டு ஒரு தயாரிப்பாளருடைய கட்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் எவ்வளவு இடம், எங்கே வெட்ட வேண்டும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. மார்ட்டிமர் ஒரே ஆளின் குரலை நம்பி முழு நாவலையும் நிறுத்துகிறார். அதனால் தொய்வு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குரல் காதை விட்டுப் போகாததற்கும் காரணம் அதுவே.

பேட்டை ஆசிரியர் எழுதியது:

லண்டன் தம்பியும் நாடக நண்பரும் எழுதியவற்றை இரண்டு நாள் மனத்தில் வைத்திருந்து, நாவலின் முதல் நூறு பக்கங்களை மீண்டும் படித்தேன். என் கருத்தில் ஒரு பகுதியைத் திருத்திக்கொள்கிறேன்.

நான் இந்நாவலை அறியாமலே தேவனின் துப்பறியும் சாம்புவோடு ஒப்பிட்டிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது. தமிழில் சிரிப்பும் துப்பும் சேர்ந்தால் நம் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தாம். சாம்புவும் அலுவலக மேசையில் பிறந்தவர். வங்கிக் குமாஸ்தா, அசடு என்று பெயரெடுத்தவர். அவர் ஒன்று செய்யப் போக, அது வேறொன்றாக முடிந்து, குற்றவாளி அகப்பட்டு, இன்ஸ்பெக்டர் கோபாலன் வியந்து பாராட்டுவார். ஆனால் அங்கே கதை சொல்பவர் தேவன். அவரும் நாமும் ஒரு பக்கம் நின்றுகொண்டு, எதிரே நிற்கும் சாம்புவைப் பார்த்து அன்போடு சிரிக்கிறோம். அதிர்ஷ்டம் அவரைக் காப்பாற்றும் என்று நமக்குத் தெரியும். ஆகவே பயத்துக்கு அங்கே வேலையில்லை. தேவன் அதை வேண்டுமென்றே அப்படி அமைத்தார். அந்த நோக்கத்தில் அது குறையற்ற படைப்பு.

மார்ட்டிமரின் நாவலில் கேரியே பேசுகிறான். அவனைப் பார்த்துச் சிரிப்பதற்கு வெளியே நமக்கு நிற்க இடமில்லை. காவலர் கதவைத் தட்டும்போது நாம் அவன் வீட்டுக்குள்ளேதான் இருக்கிறோம். அவனுக்கு வழங்கப்பட்ட அதிர்ஷ்டம் என்று ஒன்றும் தெரியவில்லை. சாம்புவைப் படிக்கும் கண்ணோடு கேரியைப் படித்ததால்தான் பயம் எனக்கு வரவில்லையோ என்று ஐயுறுகிறேன். இடையிடையே கதை அந்தப் பெண்ணின் வாய்மொழிக்கு மாறும்போது, கேரி அறியாத ஆபத்தை நாம் அறிகிறோம். அந்த அத்தியாயங்களில் சிரிப்பு குறைந்து குரல் இறுகுவதை முதல் வாசிப்பில் கவனிக்காமல் விட்டேன்.

எனினும் வருணனைகள் மிகுதி என்ற கருத்தில் மாற்றமில்லை. ஐந்து ஒப்புமைகள் உள்ள பக்கத்தில் இரண்டை நீக்கினால் மற்ற மூன்றும் இன்னும் ஒளிரும். என் மாணவர்களுக்கும் இதையே சொல்லி வந்தேன்.

தெற்கு லண்டன் வாசகன் எழுதியது:

ஐயா தன் கருத்தை மறுபடி பார்த்து எழுதியதற்கு நன்றி. இந்த நாவலுக்கு 2023ஆம் ஆண்டு பொலிஞ்சர் எவ்ரிமேன் வுட்ஹவுஸ் பரிசு கிடைத்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். நகைச்சுவைப் புனைகதைக்கென 2000 முதல் வழங்கப்படும் பரிசு இது. வெற்றி பெற்ற நூலின் பெயரைக் குளோஸ்டர்ஷயர் ஓல்டு ஸ்பாட் இனப் பன்றி ஒன்றுக்குச் சூட்டுவது இதன் வழக்கம். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸின் கதைகளில் வரும் புகழ்பெற்ற பன்றியை நினைவூட்டும் மரபு. வேடிக்கையாகத் தோன்றினாலும் நடுவர்கள் கறாரானவர்கள். 2018இல், வந்த நூல்களில் எதுவும் நடுவர் எல்லோரையும் ஒருசேர வாய்விட்டுச் சிரிக்க வைக்கவில்லை என்று சொல்லிப் பரிசையே நிறுத்தி வைத்தார்கள். அப்படிப்பட்ட மேசையில் ஒரு குற்றக்கதை வென்றது எனக்கு மகிழ்ச்சி.

இந்த நாவலைப் படிக்கும்போது மார்ட்டிமரின் உடல்நிலையையும் நான் மறக்க முடியவில்லை. 2015 அக்டோபரில் அவருக்கு இதயத்தின் மூன்று இரத்தக்குழாய்களுக்கு மாற்றுவழி (பைபாஸ்) அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகுதான், இதய நோயிலிருந்து மீண்ட தன் நண்பர் பால் வைட்ஹவுஸோடு ஆற்றங்கரைகளில் மீன் பிடிக்கும் தொலைக்காட்சித் தொடர் 2018இல் தொடங்கியது. இரண்டு வயதானவர்கள் கரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்; பெரிதாக எதுவும் நடக்காது. நாவலில் கேரியும் கிரேஸும் பேசும் இடங்களில் அந்த ஆற்றங்கரையின் நிதானம் இருக்கிறது.

வைகைக்கரை வாசகி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நாடக நண்பர் குறுக்கு விசாரணை என்று எழுதியதைப் படித்ததிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கோர்ட்டில் சாட்சி சொல்வதை ஓரமாக நின்று கேட்டுப் பழகியவள் என்ற முறையில் சொல்கிறேன்: சொல்லிக்கொடுத்த சாட்சியிடம் வழவழவென்று ஒரே நேர்க்கோட்டில் சொற்கள் வரும். நேரில் பார்த்தவரோ வழக்குக்குத் தொடர்பில்லாததையெல்லாம் சொல்வார். அன்று பால்காரர் தாமதமாக வந்தார், என் செருப்பு அறுந்திருந்தது, சுவரில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது என்பார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று அதட்டுவார். அந்தச் செருப்பும் பூனையும் அவர் அங்கே நின்றதற்குச் சான்று என்று எனக்குத் தோன்றும். கேரியின் ஒப்புமைகளும் வருணனைகளும் எனக்கு இப்போது அந்தச் செருப்பும் பூனையுமாகத் தெரிகின்றன. ஆகவே பேட்டை ஐயா நீக்கச் சொன்ன இரண்டையும் நான் நீக்க மாட்டேன். ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அணில் வரும் நடுப்பகுதிகளை நேற்றிரவு மறுபடி படித்தேன். முதல் முறை, ஆபத்தின் நடுவே இது என்ன விளையாட்டு என்று சிரித்தேன். இம்முறை என் கவனம் வேறு இடத்துக்குப் போனது. பயந்துபோன ஒருவன் தன் பயத்தைச் சொல்ல ஒரு மனிதரைத் தேடிக் காணாமல், மரத்தடியில் நின்று, தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொள்கிறான். பயம் குறையவில்லை, அணிலின் வாய்வழியாக வந்ததால் நான்தான் அதை அடையாளம் காணவில்லை. என் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சட்சுமா என்பது தோல் தளர்ந்து கையாலேயே உரிக்க வரும் சிறிய ஆரஞ்சு. நம் ஊர்க் கமலா ஆரஞ்சுக்கு நெருங்கிய உறவு. அமெரிக்கப் பதிப்பில் தலைப்பை ‘தி கிளெமென்டைன் காம்ப்ளெக்ஸ்’ என்று மாற்றியிருக்கிறார்கள். ஒரு கடலைத் தாண்டுவதற்குள் பழம் மாறிவிட்டது. என்றாவது தமிழில் வந்தால் அவளைக் ‘கமலா’ என்று அழைக்கலாமா என்று யோசித்துப் பார்த்தேன். உடனே அவளுக்கு ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. கேரிக்கு அவள் பெயர் தெரியாது என்பதுதானே கதையின் உயிர்? ஆகவே சட்சுமாவாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இதன் தொடர்ச்சியான ‘தி ஹோட்டல் அவகாடோ’ 2024இல் வெளிவந்துவிட்டது. முகப்பில் ஐந்து மீட்டர் உயரத்துக்கு அவகாடோ பழம் நிற்கும் ஒரு விடுதி, கடற்கரை ஊரான பிரைட்டன், பெக்கத்தை விட்டுப் போவதா வேண்டாமா என்று தவிக்கும் கேரி என்று பின்னட்டை சொல்கிறது. அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கப் போகிறேன்.

ஹட்டன் தங்கையும் கோவை நண்பரும் முதல் நாவலை முடித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். என் பிரதியை யாராவது கேட்டால் அனுப்பி வைக்கிறேன். ஓரங்களில் பென்சிலால் குறித்திருக்கிறேன். 61ஆம் பக்கத்தில் கொஞ்சம் காபி சிந்தியிருக்கிறது.

கோவை வாசகர் எழுதியது:

அக்கா, உண்மையில் நான் இன்னும் முடிக்கவில்லை. பாதியில் வைத்துவிட்டேன், அதுவும் நூலகப் பிரதி, திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கதைக்கட்டு தளர்வு என்று எழுதியது அந்தப் பாதியை வைத்துத்தான். உங்கள் பிரதியை அனுப்பினால் முழுவதும் படித்துவிட்டு மீண்டும் இங்கே எழுதுகிறேன். தனிச்செய்தியில் முகவரி அனுப்பியிருக்கிறேன். பென்சில் குறிப்புகளை அழிக்க வேண்டாம்.